பழைய கேம் போய்க்குப் புதுத் திரை: மட்டக்களப்பில் இருந்துகொண்டு செய்யப்போகிறவர்களுக்கு

ஒரு கேம் போய்க்கு, அதாவது நின்டென்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவிக்கு, இரண்டு திரை வாங்கியவன் நான். ஒன்றே போதும். மற்றதற்குக் கொடுத்த காசும், போன இரண்டு மாதமும், இரவிரவாக முழித்திருந்து விற்றவரோடு அரைகுறை ஆங்கிலத்தில் போட்ட சண்டையும் வீண்தான். நீங்களாவது அந்த வழியால் போகாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மாவின் மகன் 2003 இல் சுவிஸிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த கேம் போய் அட்வான்ஸ் அது. நீளவாட்டில் இருக்கும், மடியாத வகை. இருபது வருடம் அலுமாரிக்குள் கிடந்ததை அக்காவின் மகன் தோண்டி எடுத்து, பற்றரி போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஏன் இருட்டாவே கிடக்கு?" என்று கேட்டான். பழுதொன்றும் இல்லை. 2001 இல் வந்த அந்தக் கருவிக்குத் திரைக்குள் வெளிச்சமே கிடையாது, நாங்கள் அந்தக் காலத்தில் வாசற்படியில் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துத்தான் விளையாடினோம். இப்போது அதற்குள் வைக்கிற மாதிரி வெளிச்சத் திரை கிட் (பூட்டுவதற்கான பாகங்களின் தொகுதி) வெளிநாட்டு இணையக் கடைகளில் விற்கிறார்கள். திரையோடு ஒரு சின்னப் பலகை வரும். கருவிக்குள் இருக்கிற பழைய போர்ட் (மின்சுற்றுப் பலகை) அனுப்புகிற 240க்கு 160 புள்ளிப் படத்தைப் புதுத் திரைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற சிப் அதில்தான் இருக்கிறது. ஊரில் இதையும் "சிப் போடுறது" என்றுதான் சொல்வார்கள். நின்டென்டோவின் பிந்திய கருவியான ஸ்விட்சுக்குப் போடுகிற சிப் வேறு சங்கதி, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் விட்ட பிழை என்னவென்றால், முதலில் ஓடர் பண்ணிவிட்டு மறுகாதான் கருவியைத் திறந்தேன். நீங்கள் திறந்து பார்த்துவிட்டு ஓடர் பண்ணுங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் இருக்கிறது, தயவு செய்து மாற்றாதீர்கள்.

1. கருவி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

பின்பக்க ஸ்டிக்கரில் மாதிரி எண் இருக்கும். ஏஜிபி 001 என்று இருந்தால் நான் சொல்கிற வகை. மடிக்கிற எஸ்பி வகைக்குக் கிட் வேறு, திறக்கிற விதமும் வேறு, அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

புது அல்கலைன் பற்றரி இரண்டு போடுங்கள். சில்லறைக் கடையில் மணிக்கூட்டுக்கு என்று விற்கிற மலிவுப் பற்றரி வேண்டாம், அது பாரம் தாங்காது. போட்டதும் சிவப்பா பச்சையா லைட் எரிகிறது என்று பாருங்கள். பச்சை என்றால் நல்லது. விளையாட்டுக் கசட் இல்லாமலே எழுத்து ஓடி வந்து நிற்கும், சத்தமும் வரும். மறுகா ஒரு கசட்டைப் போட்டு எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள், மேலே உள்ள எல், ஆர் இரண்டையும் மறக்க வேண்டாம்.

பற்றரி வைக்கிற இடத்தில் வெள்ளையாக அல்லது பச்சையாகப் பூத்திருந்தால் பயப்படாதீர்கள். ஊரில் கிடந்த சாமான் பாதியும் அப்படித்தான் இருக்கும். எங்கள் வீடு கல்லடியில், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி; வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் கறள் பிடிக்கிற இடத்தில் பற்றரித் தகடு மட்டும் என்ன விதிவிலக்கா? வெள்ளைப் பூப்பு அல்கலைன் பற்றரி கசிந்தது. அது காரம், ஆகவே வினாகிரியில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் கரையும். துடைத்த பிறகு ஸ்பிரிட்டால் இன்னொரு தரம் துடைத்துக் காயவிடுங்கள், வினாகிரியை அப்படியே விட்டால் அதுவும் தகட்டைத் தின்னும்.

கருவி எழும்பவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். செத்த போர்ட்டுக்குப் புதுத் திரை போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

2. சரியான திருகாணிச் சாவியோடு திறந்து பாருங்கள்

பின்பக்கம் ஆறு திருகாணி மூன்று கால் உள்ளவை. பற்றரி வைக்கிற இடத்துக்குள் ஒன்று சாதாரண நட்சத்திர வகை, தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு இருக்கும். மொத்தம் ஏழு. அந்த ஏழாவதை மறந்துவிட்டு மூடியை நெம்பி உடைத்தவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை, மயிரிழையில் தப்பினேன்.

இங்கேதான் முதல் பொறி. போன் திருத்துகிற கடையில் கேட்டால் "எங்கட்ட மூன்று கால் சாவி இருக்கு, தாங்க" என்பார்கள். அது ஐபோனுக்கு உரியது, மிகச் சின்னது. கேம் போய்த் திருகாணிக்குள் அது சும்மா சுற்றும், இரண்டு தரம் சுற்றினால் தலை வழுவழு என்று ஆகிவிடும். தலை போன திருகாணியைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். கேம் போய்க்கென்று விற்கிற பெரிய மூன்று கால் சாவியை வாங்குங்கள். எனக்கு டவுனில் கிடைக்கவில்லை, கொழும்பு போன தம்பியிடம் சொல்லி பெட்டா முதலாம் குறுக்குத் தெருவில் 450 ரூபாவுக்கு எடுப்பித்தேன். கிட்டோடு சாவியும் வரும் என்று விளம்பரத்தில் இருக்கும்தான், ஆனால் கிட் வருவதற்கு முதலே திறந்து பார்க்கத்தான் சொல்கிறேன், ஆகவே தனியாக வாங்கத்தான் வேண்டும்.

திறக்கும்போது எல், ஆர் பொத்தான்களின் பக்கம் கவனம். அதற்குள் ஒரு சின்னச் சுருள்கம்பியும் ஒரு ஊசி மாதிரிக் கம்பியும் இருக்கும், பாய்ந்து ஓடினால் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் போகும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் பூட்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

பின்மூடியைக் கழற்றினால் பச்சைப் போர்ட் தெரியும். அதைப் பிடித்திருக்கிற மூன்று நட்சத்திரத் திருகாணியைக் கழற்றி, மெல்லத் தூக்கினால் திரையிலிருந்து வருகிற தட்டையான ரிப்பனைக் காண்பீர்கள். அந்த ரிப்பன் செருகியிருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பூட்டு இருக்கும், நகத்தால் இரண்டையும் ஒரே அளவாக வெளியே தள்ளினால் ரிப்பன் தானாகக் கழரும். இழுக்க வேண்டாம்.

இப்போது எண்ணுங்கள். ரிப்பன் செருகுகிற இடத்தில் 32 முனையா, 40 முனையா? கேம் போய் அட்வான்ஸ் போர்ட்டில் இரண்டு வகையும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கருவி. நான் முதலில் வாங்கிய மலிவுக் கிட்டில் 40 முனை ரிப்பன் ஒன்று மட்டும் வந்தது. என்னுடையது 32. எப்படியாவது போகும் என்று சரித்துச் சரித்துச் செருகிப் பார்த்ததில் ரிப்பன் மடிந்து உள்ளுக்குள் அறுந்துவிட்டது. மடித்த சாமானை விற்றவர் திருப்பி எடுப்பாரா? 9,800 ரூபா வாவியில் போட்ட மாதிரி.

எண்ணியதை ஒரு கடதாசியில் எழுதி, படமும் எடுத்து வைத்துவிட்டு, கருவியைத் திருப்பிப் பூட்டி வையுங்கள். திறந்தபடி ஐந்து வாரம் மேசையில் கிடந்தால் அதில் பாதித் திருகாணி பிள்ளைகளின் கைக்குப் போய்விடும்.

3. கிட்டைத் தெரிவு செய்வது

மூன்று விடயத்தை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

32, 40 இரண்டு ரிப்பனும் பெட்டிக்குள் வருமா? வரும் என்றால் மேலே பட்ட பாடு உங்களுக்கு இல்லை, ஆனாலும் உங்கள் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

அடுத்தது கண்ணாடி. சில கிட்டில் திரையும் மேல் கண்ணாடியும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக ஒட்டி வரும். சிலதில் தனித்தனியாக வரும், நீங்கள்தான் ஒட்ட வேண்டும். ஒட்டி வருவது கொஞ்சம் விலை. ஆனால் புழுதி பறக்கிற வீட்டில் இருந்துகொண்டு இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு தூசு கூட இல்லாமல் ஒட்டுவது என்பது நடக்கிற காரியம் இல்லை. காசு பார்க்காமல் ஒட்டியதை எடுங்கள்.

மூன்றாவது, கூடு. புதுத் திரை பழையதை விடப் பெரியது, பழைய கூட்டுக்குள் வைக்க உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் விளிம்புகளைக் கட்டரால் வெட்டி அரத்தால் தேய்க்க வேண்டும். எனக்கு அந்தக் கூட்டில் பாசம், அண்ணன் தந்தது, நாவல் நிறம், வெட்ட மனம் வரவில்லை. அதனால் ஏற்கனவே வெட்டி வருகிற புதுக் கூட்டையும் பொத்தானையும் கிட்டோடு சேர்த்தே வாங்கினேன். பழைய கூடு இப்போதும் முழுசாக இருக்கிறது. முதல் தரம் செய்கிறவர்களுக்கும் இதுதான் நல்லது, வெட்டுகிற வேலையில்தான் அநேகமானோர் திரையை உடைக்கிறார்கள்.

அதே கடையில் சார்ஜ் பண்ணுகிற லித்தியம் பற்றரியும் காட்டும், அழகாக இருக்கும், கூடையில் போடத் தோன்றும். அதே பார்சலில் போடாதீர்கள். தனி லித்தியம் பற்றரியை விமானத் தபாலில் அனுப்புவதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, அது ஒன்றுக்காக முழுப் பார்சலும் வழியில் நின்றுவிடும்.

4. காசு கட்டுவதும் முகவரி எழுதுவதும்

உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று முதலே கேளுங்கள். பல அட்டைகளில் நாமாகச் சொன்னால்தான் திறந்துவிடுவார்கள். டொலர் விலையைக் கூகுளில் பார்த்துப் பெருக்கி இவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம், வங்கி தன்னுடைய விற்பனை வீதத்தில்தான் எடுக்கும், கட்டணமும் மேலால் வரும்.

பெயர் விடயத்தில் நான் பட்ட அவமானம் ஒன்று. வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் போட்டு ஓடர் பண்ணிவிட்டேன். பார்சல் கொடுக்கிற இடத்தில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "இது வேற ஆள்தானே தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மறுகா அப்பாவின் பெயர் இருக்கிற வேறு கடிதங்களையெல்லாம் கொண்டுபோய்க் காட்டி எடுக்க மூன்று தரம் அலைந்தேன். ஆகவே அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், அப்பாவின் பெயரை ஒரு கட்டத்திலும் உங்கள் பெயரை மற்றதிலும் முழுசாகப் போடுங்கள், முதலெழுத்து மட்டும் போட வேண்டாம்.

தபால் குறியீட்டை விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பு 30000, கல்முனை 32300, அம்பாறை 32000. எங்கள் பக்கத்தில் வீட்டு இலக்கம் ஒழுங்காக இல்லாத ஒழுங்கைகள் நிறைய, ஆகவே கோயில், பள்ளிவாசல், பாடசாலை என்று பக்கத்தில் இருக்கிற அடையாளம் ஒன்றையும், வேலை செய்கிற தொலைபேசி எண்ணையும் முகவரியோடு சேர்த்தே எழுதுங்கள். பார்சல் கொண்டுவருகிறவர் எப்படியும் போன் எடுத்துத்தான் கேட்பார்.

5. சுங்கமும் ஆவணங்களும்

ஓடர் பண்ணிய அன்றே ஒரு மட்டையில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: ஓடர் பக்கத்தின் அச்சுப் பிரதி (சாமானின் பெயர், விலை, அனுப்பும் கூலி மூன்றும் தெரிய வேண்டும்), காசு கட்டிய பற்றுச்சீட்டு அல்லது வங்கிக் குறுஞ்செய்தியின் படம், அடையாள அட்டைப் பிரதி இரண்டு, பார்சல் தொடரும் எண். இவ்வளவும் முதலே இருந்தால் அழைப்பு வந்த அன்றே வேலை முடியும். இல்லாவிட்டால் புளியந்தீவுக்கும் வீட்டுக்குமாகப் பாலத்தில் ஏறி இறங்க வேண்டியதுதான்.

வரியைப் பற்றிப் பலரும் ஒரு விடயத்தைத் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். சாமானின் விலைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதியை வைத்துத்தான் சுங்கம் கணக்கிடும், அதற்கு மேல் வற் வரி, 2024 தொடக்கம் அது 18 வீதம். கொண்டுவந்து தருகிறவர்களின் கையாளும் கட்டணம் வேறு. எனக்கு இரண்டாவது கிட்டுக்கு எல்லாமாக 3,200 ரூபா போனது. விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், என் கணக்கை உங்கள் கணக்கென்று எடுக்காமல், சாமான் விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். மிஞ்சினால் சந்தோசம்.

"பரிசுப் பொருள் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடட்டுமா" என்று விற்பவரே கேட்பார். வேண்டாம் என்று எழுதுங்கள். பெட்டியில் ஒரு விலை, உங்கள் பற்றுச்சீட்டில் இன்னொரு விலை என்று இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள், விற்றவர் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, என்னுடைய முதல் பார்சல் 29 நாள், இரண்டாவது 34 நாள். சீனப் புதுவருட விடுமுறைக்குள், அதாவது ஜனவரிக் கடைசியிலும் பெப்ரவரியிலும், ஓடர் பண்ணினால் கடையே பூட்டியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் மழை. வெள்ளம் வந்தால் ரயிலும் றோட்டும் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, ஈரத்தில் இந்த வேலையைச் செய்வதும் நல்லதில்லை. பங்குனி, சித்திரையில் ஓடர் பண்ணினால் பாடசாலை விடுமுறைக்குள் கைக்கு வந்துவிடும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பார்சலை உடைக்கும்போது வீடியோ எடுங்கள். பெட்டி மூடியிருப்பது தொடங்கித் திரையின் நாலு மூலை வரைக்கும், வெட்டாமல் ஒரே ஓட்டமாக. திரை வெடித்து வந்திருந்தால் காசைத் திருப்பிக் கேட்க உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

6. பூட்டுவதற்கு முதல், சுவிட்சைக் கழுவுங்கள்

இந்தப் பகுதியை யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரண்டாவது கிட் வந்தது, ரிப்பன் பொருந்தியது, திரை பளீர் என்று எரிந்தது. ஐந்து நிமிடம். பிறகு பொத்தென்று நின்று தானாகத் திரும்ப எழும்பியது. திரும்ப ஐந்து நிமிடம். விற்றவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன், பழுதான திரையை அனுப்பிவிட்டீர்கள் என்று. அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: சுவிட்சைத் துடையுங்கள்.

கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. பழைய திரைக்கு வெளிச்சம் இல்லாதபடியால் மின்சாரமும் கொஞ்சம்தான் வேண்டியிருந்தது. புதுத் திரை அதிகம் இழுக்கும். இருபது வருட உப்புக்காற்றில் கறுத்துப்போன ஓன் ஓஃப் சுவிட்சுக்குள்ளேயே வோல்ட்டில் ஒரு பங்கு தொலைந்துவிட, மிச்சம் போதாமல் கருவி விழுந்து எழும்புகிறது. பற்றரி பலவீனமாக இருந்தாலும் இதே குணம்தான்.

செய்ய வேண்டியது இதுதான்: போன் திருத்துகிறவர்கள் பாவிக்கிற ஐசோபுரப்பைல் ஸ்பிரிட், தண்ணீர் கலப்பு குறைந்தது, சின்னப் போத்தல் ஒன்று வாங்குங்கள். போர்ட்டில் இருக்கிற சுவிட்சின் இடுக்குக்குள் இரண்டு சொட்டு விட்டு, ஐம்பது அறுபது தரம் இங்கேயும் அங்கேயும் தள்ளுங்கள். கறுப்பாக வடியும். துடைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பற்றரித் தகடு, கசட் செருகும் முனைகள், பொத்தானுக்குக் கீழே இருக்கிற கறுப்பு வட்டங்கள் எல்லாவற்றையும் அதே ஸ்பிரிட்டால் துடைத்து அரை மணித்தியாலம் காயவிடுங்கள். பாமசியில் விற்கிற காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கூடுதலாக இருக்கும், அதைப் போட்டால் காய நேரமெடுக்கும். மண்ணெண்ணெய் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது.

7. பூட்டுவது

முதலில் எதையும் ஒட்டாமல், சோல்டர் பண்ணாமல் (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்காமல்), மேசையில் வைத்தே இணைத்துப் பாருங்கள். ரிப்பனைச் செருகி, இரண்டு பக்கப் பூட்டையும் உள்ளே தள்ளி, பற்றரிப் பக்க மூடியை மெல்லப் பிடித்துக்கொண்டு ஓன் பண்ணுங்கள். படம் நேராக, கோடு இல்லாமல், நிறம் மாறாமல் வர வேண்டும். கோடு விழுந்தால் பத்தில் ஒன்பது தரம் ரிப்பன் சரிந்து செருகப்பட்டிருக்கும், ஓஃப் பண்ணிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். ஓன் பண்ணியபடி ரிப்பனில் கை வைக்காதீர்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க விரும்பினால்தான் சோல்டர் தேவை. சும்மா இருக்கிற வெளிச்சம் போதும் என்றால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. கிட்டில் மூன்று மெல்லிய வயர் வரும். போர்ட்டில் டீ, பீ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் போட்ட வட்டப் புள்ளிகள் இருக்கும். எண் 2 செலக்ட் பொத்தான், எண் 8 ஆர், எண் 9 எல். வயரை அந்த மூன்றில் பற்றவைத்தால், செலக்டை அழுத்திக்கொண்டு எல் அல்லது ஆர் தட்ட வெளிச்சம் மாறும். எட்டும் ஒன்பதும் இடம் மாறிப் போனால் பயமில்லை, கூட்டுவதும் குறைப்பதும் தலைகீழாகும், அவ்வளவுதான்.

வெப்பம் மாற்றக்கூடிய சோல்டர் ஐயன் 2,800 ரூபாவுக்கு எடுத்தேன். 350 பாகை போதும். புள்ளியில் முதலில் கொஞ்சம் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்கப் பூசுகிற பசை), அதன் மேல் ஒரு துளி ஈயம், பிறகு வயரைத் தொட்டு இரண்டு விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும். கூட நேரம் வைத்தால் அந்தச் செம்பு வட்டம் போர்ட்டிலிருந்து உரிந்து வரும். கை நடுங்குகிறவர்கள் முதலில் ஒரு செத்த ரேடியோப் போர்ட்டில் இருபது தரம் பழகுங்கள். இல்லாவிட்டால் டெக்னிக்கல் கொலிஜில் மின்னியல் படித்த பொடியன் யாராவது அக்கம்பக்கத்தில் இருப்பான், ஒரு சோடாவோடு வேலை முடியும்.

சிலவேளை மேசையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போகும். சூடான ஐயனை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் இருட்டில் தடவ வேண்டாம். ஐயனுக்கு ஒரு தாங்கி கட்டாயம்.

கூட்டுக்குள் வைக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். கண்ணாடியின் பாதுகாப்புத் தாளைக் கடைசியில்தான் உரிக்க வேண்டும். சுருள்கம்பிகளை வைத்து எல், ஆர் இரண்டும் துள்ளுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பின்மூடி. புதுக் கூட்டில் திருகாணி துளை இன்னும் புரி போடாமல் இருக்கும், முதல் தரம் இறுக்கமாகப் போகும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போங்கள். மூடி நெருங்கியதும் நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினால் துளை வெடிக்கும்.

பூட்டி முடித்ததும் ஸ்பீக்கரில் மெல்லிய ரீங்காரம் கேட்கலாம். இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று பாடுமீன் கேட்கக் காது கொடுப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் அந்தச் சத்தமும் குறையும்.

8. பற்றரி

அல்கலைன் வாங்கி வாங்கி மாளாது. சார்ஜ் பண்ணுகிற நிக்கல் வகை டபுள் ஏ நாலும் சார்ஜரும் 6,500 ரூபாவுக்கு எடுத்தேன், இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில். இந்த வகை ஒன்று 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5. அதனால் லைட் கொஞ்சம் முந்தியே சிவப்பாகும், ஆனாலும் ஓடும். பழைய திரையோடு அல்கலைனில் 15 மணித்தியாலம் என்று நின்டென்டோ சொன்ன கருவி, இப்போது எனக்கு நடு வெளிச்சத்தில் ஆறு ஆறரை மணித்தியாலம் தருகிறது. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

ஒரு கடையில், "பழைய போன் பற்றரி ஒண்டைப் பத்தவச்சு விடுறன், சார்ஜ் பண்ணலாம்" என்றார்கள். விடாதீர்கள். அந்த லித்தியம் பற்றரி நிறையும்போது 4.2 வோல்ட், கருவி எதிர்பார்ப்பது இரண்டு பற்றரியின் 3 வோல்ட். நடுவில் வோல்ட்டைக் குறைக்கிற சுற்றும், சார்ஜைச் சரியான இடத்தில் நிறுத்துகிற சுற்றும் இல்லாமல் வயரை மட்டும் பற்றவைத்தால் போர்ட் எரியலாம், பற்றரி ஊதி வெடிக்கலாம். பிள்ளைகள் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிற சாமான் இது.

9. கடையில் கொடுத்துச் செய்விக்கிறவர்களுக்கு

கிட்டை நீங்களே வாங்கிக் கொடுத்தால் பூட்டுக்கூலி இரண்டாயிரம், மூவாயிரம் கேட்பார்கள், நியாயமானதுதான். கொடுப்பதற்கு முதல் கருவி ஓடுகிற வீடியோ ஒன்று எடுத்து அவருக்கும் காட்டுங்கள். "இதுக்கு முதல் கேம் போய் திறந்திருக்கிறீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள், இல்லை என்றால் கோபிக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள். போன் திருத்துவதில் கெட்டிக்காரர் என்பது வேறு. திகதியும் சாமான் விபரமும் போட்ட துண்டு ஒன்று வாங்குங்கள், பழைய திரையையும் பழைய கூட்டையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதுவிக்கவும் வேண்டும்.

அப்புறம் எல்லாரும் கேட்கிற கேள்வி, ஸ்விட்சுக்கு சிப் போடலாமா? 2018 நடுப்பகுதிக்கு முதல் வந்த ஸ்விட்சுகளில் சிப் இல்லாமலே உள்ளே நுழைய ஒரு ஓட்டை இருந்தது, பிறகு வந்தவற்றில் அதை அடைத்துவிட்டார்கள், அதனால்தான் இப்போது சிப் பேச்சு. அந்தச் சிப்பின் வயரைப் பிரதான சிப்புக்குப் பக்கத்தில் இருக்கிற, எள்ளை விடச் சின்ன மின் பாகங்களான கப்பாசிட்டர்களில் பற்றவைக்க வேண்டும், உருப்பெருக்கி இல்லாமல் நடக்காது, ஐயன் ஒரு தரம் வழுக்கினால் அவ்வளவு விலையான சாமான் வெறும் கல்லாகிவிடும். தப்பிப் பிழைத்தாலும் இணையத்தில் நின்டென்டோ கண்டுபிடித்தால் அந்தக் கருவியையே தடை செய்துவிடும், உத்தரவாதமும் போகும். திருட்டு விளையாட்டுச் சங்கதி வேறு. நான் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன், ஆகவே என்னிடம் வழி கேட்காதீர்கள். பாவித்த ஸ்விட்ச் வாங்கும்போது மட்டும், "இது சிப் போட்டதா" என்று கேட்டு, உங்கள் முன்னாலேயே நின்டென்டோவின் இணையக் கடைக்குள் போய்க் காட்டச் சொல்லுங்கள்.

10. எனக்குப் போன கணக்கு

கூட்டோடு கிட், அனுப்பும் கூலி உட்பட 14,500. வரியும் கட்டணமும் 3,200. சாவி 450. ஐயன் 2,800. ஈயம், ஃபிளக்ஸ், ஸ்பிரிட், பஞ்சுக்குச்சி எல்லாம் 950. பற்றரியும் சார்ஜரும் 6,500. மொத்தம் 28,400. இதில் முதல் கிட்டின் 9,800 சேரவில்லை, அதை மனைவியிடம் இன்னும் சொல்லவுமில்லை. ஐயனும் சார்ஜரும் ஏற்கனவே வீட்டில் இருந்தால் இருபதாயிரத்துக்குள் முடியும். வேலைக்கு எனக்கு ஒரு பின்னேரமும் அடுத்த நாள் காலையும் போனது, சுவிட்சுக்காகத் திரும்பத் திறந்ததையும் சேர்த்து.

கழற்றிய பழைய திரையை எறிந்துவிடாதீர்கள். ரிப்பனை மடிக்காமல் தட்டையாக, ஈரம் உள்ளே போகாத பிஸ்கட் டின்னில் வைத்து, மூடியில் 32 அல்லது 40 என்று எழுதி ஒட்டுங்கள். புதுத் திரை எப்போதாவது போனால், அடுத்த பார்சல் வரும் வரைக்கும் அதைப் போட்டு வாசற்படியில் இருந்து விளையாடலாம்.